ஒரு நாள் இன்சூரன்ஸில் வந்த நீலக் கார்

எல்லோருக்கும் வணக்கம். நலமாக இருக்கிறீர்களா? முட்டி வலி, முதுகு வலி, சர்க்கரை எல்லாம் சொன்ன பேச்சு கேட்கிறதா? இங்கே இங்கிலாந்துக் கரையோர மோர்காமில் கடல் காற்று இன்னும் காதைக் கடித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் ஏப்ரல் வந்துவிட்டது, புல்லில் உருண்டை உருட்டி ஆடும் பௌல்ஸ் கிளப்புகளில் புல்தரையைத் திறந்துவிட்டார்கள். புல்தரை என்று சொன்னதும் நோரீனும் அவள் நீலக் காரும் நினைவுக்கு வராமல் போகாது. அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

நோரீனின் கணவன் வில்ஃப், கடற்கரைச் சாலையில் ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியவன். ஓய்வு பெற்ற பிறகு லார்க் சாலை பௌல்ஸ் கிளப்பே கதி என்று கிடந்தான். போன வருஷம் அவனைத் தலைவராக்கினார்கள். அந்த இலையுதிர் காலத்திலேயே பக்கவாதம் வந்து இடது பக்கத்தைத் தட்டிவிட்டுப் போயிற்று. பேச்சு பிழைத்துக்கொண்டது, நாக்கின் கூர்மையும் பிழைத்துக்கொண்டது. கம்பை ஊன்றிக்கொண்டு மெதுவாக நடப்பான். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருப்பதுதான் பாடு. அதிலும் காருக்குள்ளிருந்து எழுந்து வெளியே வருவது என்றால் யாராவது தூக்கித்தான் ஆகவேண்டும்.

கிறிஸ்துமஸ் விருந்துக்கு அப்படித்தான் தூக்கினார்கள். டாக்சி வாசலில் நின்றதும் கிளப்பிலிருந்து நாலு பேர் ஒரு சாப்பாட்டு நாற்காலியோடு ஓடிவந்து, அவனை அதில் உட்காரவைத்து, பாட்டுப் பாடிக்கொண்டே உள்ளே தூக்கிப் போனார்கள். அன்பாகத்தான் செய்தார்கள். வில்ஃபும் சிரித்துக்கொண்டேதான் போனான். வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்து, "என்னைப் பழைய சோஃபா மாதிரி கொண்டுபோய் இறக்கிட்டாங்க நோரீன்" என்றான். அதன் பிறகு கிளப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. பருவம் திறக்கிற சனிக்கிழமை, ஜாக் என்கிற அந்தச் சின்ன உருண்டையைத் தலைவர் தன் காலில் நின்று, தன் கையால் முதலில் உருட்ட வேண்டும். தலைவர் வராவிட்டால் துணைத் தலைவர் உருட்டுவார். யார் உருட்டுகிறார்களோ அவர்தான் அந்த வருஷத் தலைவர். காரணம், சமாதானம் எதுவும் எடுபடாது. துணைத் தலைவர் கிளிஃபர்ட், இவர்களுக்கு அடுத்த வீட்டுக்காரர். வில்ஃபோடு முப்பது வருஷமாக அதே புல்தரையில் மல்லுக்கட்டியவர்.

"கிளிஃபர்டே உருட்டட்டும். எல்லாரும் பாக்க இன்னொரு தடவை சாமானா போய் இறங்க என்னால ஆகாது" என்று வில்ஃப் சொல்லிவிட்டான்.

நோரீன் கணினி முன் போய் உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்தால் எதையோ தேடிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

தேடியது கிடைத்தது. ஜப்பானில் வயசானவர்களுக்கென்றே ஒரு கார் செய்கிறார்களாம். முன் இருக்கை அப்படியே வெளிப்பக்கம் திரும்பி, கதவைத் தாண்டி வந்து, கீழே இறங்கி நிற்குமாம். உட்கார்ந்திருப்பவர் காலைத் தரையில் வைத்து எழுந்து போய்க்கொண்டே இருக்கலாம். அங்கே பழசாகிப்போனதை வாங்கி இங்கே இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஆகவே ஸ்டியரிங்கும் நமக்குத் தோதான பக்கம். விடுமுறைக்குப் போக வைத்திருந்த கேரவனை விற்ற பணத்தில் நோரீன் அதை வாங்கிவிட்டாள்.

கார் கப்பலில் சவுதாம்ப்டன் வந்து, அங்கிருந்து லாரியில் வந்து வீட்டு முற்றத்தில் இறங்கியது. வானத்து நீலம், டப்பா மாதிரி சதுரம். சாவியைத் திருப்பியதும் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் மிகப் பணிவாக ஏதோ சொல்லிற்று. சுங்கச் சாவடி அட்டை போடவில்லை என்று சொல்கிறதாம். வில்ஃப் முதல் தடவை கேட்டபோதே தொப்பியைத் தொட்டு, "ரொம்ப சந்தோஷம் கண்ணு" என்றான்.

"என்கிட்ட ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்கியா?" என்றாள் நோரீன்.

"நீ ஒரு நாளாவது இவ்ளோ மரியாதையா ஆரம்பிச்சிருக்கியா?"

தினமும் அந்த இருக்கையில் உட்கார்ந்து முற்றத்துக்குள்ளேயே பழகினான். எழுத்தெல்லாம் ஜப்பானிய எழுத்து, படம் பார்த்துத்தான் பொத்தானை அழுத்த வேண்டும். முதலில் பாதியில் மாட்டிக்கொண்டு வெயிலில் துணி காய்கிற மாதிரி காருக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தான். பிறகு பிடிபட்டுவிட்டது. இருக்கை இறங்கும், கம்பை ஊன்றுவான், ஒரு மூச்சு இழுப்பான், எழுந்து நிற்பான். யார் கையும் வேண்டியதில்லை.

எல்லாம் சரி. நம்பர் பிளேட் வரவில்லை. வெளிநாட்டுக் காரைப் பதிவு செய்யக் கேட்ட தாளெல்லாம் அனுப்பியாயிற்று. ஆனால் அதற்கு முன் எம்.ஓ.டி. என்கிற வண்டித் தகுதிச் சோதனையில் தேற வேண்டும். அதன் பிறகு பதிவு அலுவலகத்துக்கு மனசு வர வேண்டும். திறப்பு நாளுக்குள் ஆகிற காரியமில்லை என்பது தெரிந்துபோயிற்று.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கிளிஃபர்ட் காரை மேலும் கீழும் பார்த்தார்.

"நம்பர் இல்லாத கார்னா அது கார் இல்ல நோரீன், பூந்தொட்டி. உள்ள நாலு ஜெரேனியம் செடி வெச்சிடு."

"உன் தலையில வெச்சாக்கூட நல்லாத்தான் இருக்கும், எடம் நெறைய காலியா கெடக்கு" என்றாள் நோரீன்.

"அட, கோவிச்சுக்காத கண்ணு. டாக்சியில கூட்டிட்டு வா, நாங்க பாத்துக்கறோம். அந்த நாற்காலிக்குப் புது மெத்தைகூடப் போட்டிருக்கேன்."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் நோரீனுக்குத் தாங்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இன்சூரன்ஸ்காரர்களுக்குப் போன் போட ஆரம்பித்தாள். கணினியில் முயன்றால் எடுத்த எடுப்பிலேயே வண்டி நம்பரைக் கேட்டது. இல்லை என்றால் அடுத்த பக்கத்துக்கே விடமாட்டேன் என்றது. இரண்டு மூன்று இடத்தில் 'முடியாது' என்று மரியாதையாகப் போனை வைத்துவிட்டார்கள். கடைசியில் இறக்குமதி வண்டிகளுக்கென்றே குறுகிய கால இன்சூரன்ஸ் போடுகிற ஒரு கம்பெனியில் ஒரு பெண் எடுத்தாள்.

"நம்பர் பிளேட் வேண்டாம்மா, வண்டியிலயே பொறிச்சிருக்கிற சேசிஸ் நம்பர் போதும். ஒரு நாளுக்குப் போட்டுத் தர்றேன். உங்க வயசு?"

"எழுபத்தி நாலு."

"எழுபத்தஞ்சு வரைக்கும்தான் நாங்க தர்றது. நல்ல நேரத்துல வந்தீங்க. எங்க போகணும்?"

"வீட்டுக்காரரை பௌல்ஸ் கிளப்புக்குக் கூட்டிட்டுப் போகணும்."

 அந்தப் பெண் நிதானமாகச் சொன்னாள். "அம்மா, பதிவாகாத வண்டியை ரோட்டுல எடுக்கச் சட்டத்துல ஒரே ஒரு வழிதான் இருக்கு. முன்கூட்டியே நேரம் வாங்கின சோதனைக்குப் போகலாம், வரலாம். நாங்களும் அதுக்குத்தான் இன்சூரன்ஸ் தர்றோம். கிளப்பு, கடை, கடற்கரைன்னு வண்டியைத் திருப்பினீங்கன்னா இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டின கணக்கு."

"போற சோதனை பக்கத்துலயே இருக்கணுமா?"

"அப்படியெல்லாம் இல்ல. எங்க நேரம் வாங்கியிருக்கீங்களோ அங்க போகலாம்."

"வண்டியில கூட ஒருத்தர் உட்காரலாமா?"

"தாராளமா."

நோரீன் போனை வைத்துவிட்டு அரைக் கோப்பைத் தேநீரை ஆறவிட்டு யோசித்தாள். லார்க் சாலையில் கிளப்புக்கு நேர் எதிரே ராய்ஸ்டனின் கராஜ் இருக்கிறது. அங்கே எம்.ஓ.டி. சோதனை உண்டு.

நோரீன் வந்து கேட்டதும் ராய்ஸ்டன் தலையில் கைவைத்துக்கொண்டார். "திறப்பு நாளன்னைக்கா? நானே மத்தியானம் கடையைச் சாத்திட்டு ஆடப் போறவன் நோரீன். திங்கக்கிழமை வாயேன்."

"திங்கக்கிழமை எதுக்கு? ஜாக் உருட்டறது சனிக்கிழமை ரெண்டரை மணிக்கு. எனக்கு ரெண்டு மணிக்கு நேரம் போட்டுக் குடு."

அவருக்கு மெல்ல விளங்கிற்று. சிரிப்பை அடக்கத் துடைக்கிற துணியால் வாயைப் பொத்திக்கொண்டார். "உருளைக்கிழங்கும் வெங்காயமும் வெச்சுச் சுடுவியே, அந்த பட்டர் பை செஞ்சு கொண்டு வருவியா?"

"ரெண்டு."

எழுதிக்கொண்டார். நோரீன் அந்த இன்சூரன்ஸ் பெண்ணுக்கு மறுபடி போன் போட்டு, சோதனைக்குத் தவிர வேறெங்கும் திருப்பமாட்டேன் என்று ஒப்புக்கொண்டு சனிக்கிழமைக்கு இன்சூரன்ஸ் வாங்கினாள்.

சனிக்கிழமை வில்ஃப் கிளப்பின் கரும்பச்சைக் கோட்டும் டையும் மாட்டி, ஷூவைப் பளபளவென்று துடைத்து, முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். அவனாகவே ஏறினான். நோரீன் காரைப் பின்னால் எடுக்கும்போது அந்த ஜப்பானியப் பெண் எப்போதும் போலப் பணிவாகப் பேசினாள்.

"என்ன சொல்றா உன் சம்சாரம்?" என்றாள் நோரீன்.

"பாத்து ஓட்டச் சொல்றா. உன்னைப் பத்தி அவளுக்கும் தெரிஞ்சுபோச்சு."

கடற்கரைச் சாலையில் பாதி தூரம்கூடப் போகவில்லை, பின்னால் நீல விளக்கு சுழன்றது. நம்பர் பிளேட் இல்லாமல் ஒரு வண்டி போனால் எந்தப் போலீஸ்காரர்தான் சும்மா விடுவார்? நோரீன் ஓரமாக நிறுத்தினாள். இளம் காவலர் ஒருவர் குனிந்து பார்த்தார்.

"நம்பர் பிளேட் எங்கம்மா?"

"இன்னும் வரல கண்ணு. கார் ஜப்பான்ல பொறந்துச்சு. இங்க வந்து இன்னும் பேர் வைக்கல."

"அப்ப ரோட்டுல எப்படி?"

நோரீன் போனில் பெயரும் விலாசமும் போட்ட இன்சூரன்ஸைத் திறந்து காட்டினாள். காவலர் கண்ணாடிக்குக் கீழே இருந்த சேசிஸ் நம்பரையும் அதையும் மாறி மாறி ஒத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. பிறகு வில்ஃபின் கோட்டை, டையை, மார்பில் மின்னிய தலைவர் பதக்கத்தைப் பார்த்தார்.

"சோதனைக்குத்தானே போறீங்க?"

"ஆமா, லார்க் சாலையில ராய்ஸ்டன் கராஜுக்கு."

"இவ்ளோ உடுத்திக்கிட்டா?"

"சோதனைன்னா ஒரு மரியாதை வேணாமா தம்பி?" என்றான் வில்ஃப்.

காவலருக்கு உதட்டோரம் சிரிப்பு எட்டிப்பார்த்தது. ஆனாலும் விடவில்லை. "உங்க வீட்டுப் பக்கத்துலயே கராஜ் இருக்கே. தாண்டி எதுக்கு லார்க் சாலைக்கு?"

"முன்கூட்டியே நேரம் வாங்கியிருக்கணும்னுதான் சட்டம் சொல்லுது. பக்கத்துல வாங்கணும்னு சொல்லல" என்றாள் நோரீன்.

அவர் கராஜுக்குப் போன் போட்டார். ராய்ஸ்டனின் குரல் தெரு முழுக்கக் கேட்டது. "ஆமாங்க, ரெண்டு மணிக்கு எழுதியிருக்கேன். சனிக்கிழமை மத்தியானத்துல நான் கடையைத் திறந்து வெச்சிருக்கேன்னா அது அந்தம்மாவுக்காகத்தான். சீக்கிரம் அனுப்புங்க, பசிக்குது."

"சரிம்மா, போங்க" என்றார் காவலர். "நேரா கராஜ். வழியில வேற எங்கயும் திரும்பக் கூடாது. நானும் அந்தப் பக்கம்தான், பின்னாடியே வர்றேன்."

போலீஸ் வண்டி காவலுக்கு வர, நீலக் கார் லார்க் சாலைக்குள் நுழைந்தது. அங்கேதான் நோரீன் சட்டென்று வேகத்தைக் குறைத்தாள்.

சேசிஸ் நம்பரிலிருந்து பட்டர் பை வரைக்கும் யோசித்தவள் ஒன்றை யோசிக்கவில்லை. இந்தக் காரின் இருக்கை இடது பக்கம்தான் திரும்பி இறங்கும். கராஜ் இடது பக்கம். கிளப்போ சாலைக்கு வலது பக்கம். கிளப் வாசலில் அவனை இறக்க வேண்டுமானால் கராஜைத் தாண்டிக் கடைசிவரை போய், ரவுண்டானாவில் திரும்பி, எதிர்ப்பக்கமாக வர வேண்டும். இரண்டு நிமிஷ வேலைதான். ஆனால் கராஜைத் தாண்டிய அந்த நொடியே இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டுகிற காராகிவிடும். கண்ணாடியில் போலீஸ் வண்டி தெரிந்தது. அது இல்லாவிட்டாலும் அவள் தாண்டியிருப்பாளா என்றால், மாட்டாள். போனில் அந்தப் பெண்ணிடம் சரி என்று சொல்லியிருக்கிறாள்.

கிளப் வாசலில் கூட்டம். முன்னால் கிளிஃபர்ட். அவர் பக்கத்தில் அந்த நாற்காலி, சிவப்பு மெத்தையோடு.

"வில்ஃப்" என்றாள் நோரீன் மெதுவாக. "பக்கம் மாறிப்போச்சு. நான் தாண்ட முடியாது."

வில்ஃப் சாலையின் அகலத்தைப் பார்த்தான். முற்றத்தில் அவன் பழகியதெல்லாம் காரிலிருந்து சமையலறை வாசல் வரைதான். இது சனிக்கிழமைச் சாலை. இரண்டு பக்கமும் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

"தாண்டாத" என்றான். "நேரம் வாங்கின எடத்துக்குப் போ."

அவள் கராஜ் வாசலில் திருப்பி நிறுத்தினாள். போலீஸ் வண்டி ஒருமுறை விளக்கைச் சிமிட்டிவிட்டுப் போய்விட்டது. வில்ஃப் பொத்தானை அழுத்தினான். இருக்கை முனகிக்கொண்டே திரும்பி, கதவைத் தாண்டி வெளியே வந்து, மெல்ல இறங்கி, அவன் ஷூக்களைக் கொண்டுபோய்ப் பதமாகத் தரையில் வைத்தது. எதிர்ப்பக்கத்தில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"அங்கேயே இரு வில்ஃப்" என்று கிளிஃபர்ட் இரண்டு கைகளையும் ஆட்டினார். "நாற்காலியைக் கொண்டு வர்றோம்."

"அதுல நீயே உட்காரு கிளிஃபர்ட். ரொம்ப நேரமா நிக்கற, வயசான ஆளு."

கம்பை ஊன்றினான். ஒரு மூச்சு இழுத்தான். எழுந்து நின்றான்.

நோரீனின் கை தானாகவே அவன் முழங்கைப் பக்கம் போயிற்று. போன கையைப் பிடித்து இழுத்துத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வாழ்க்கையில் அவள் செய்த கஷ்டமான காரியங்களில் அது ஒன்று. பிள்ளை பெற்றதுகூட அத்தனை கஷ்டமாக இல்லை என்று பிறகு சொன்னாள்.

அவன் சாலை ஓரத்துக்கு வந்து நின்றபோது கடற்கரைப் பக்கமிருந்து பஸ் வந்தது. அவன் ஓட்டிய அதே தடம். டிரைவர் சீட்டில் இருந்த பெண்ணுக்கு அந்தக் கோட்டும் தெரியும், அந்த ஆளையும் தெரியும். அங்கே நிறுத்தம் கிடையாது. இருந்தும் பஸ்ஸைச் சாலையின் நட்டநடுவில் கொண்டுவந்து குறுக்காக நிறுத்தினாள். ஆபத்து விளக்கைப் போட்டுவிட்டு, கைகளை ஸ்டியரிங்கில் மடக்கி வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாதவள் மாதிரி எதிரே பார்க்க ஆரம்பித்தாள். எந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு வண்டி நகர முடியவில்லை. யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

வில்ஃப் கடந்தான். வலது கால், கம்பு, பிறகு இடது கால் இழுத்துக்கொண்டு. நடுவில் ஒருமுறை நின்று, பஸ்ஸைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டான். அந்தப் பெண் தலையை மட்டும் அசைத்தாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் ஜன்னல் பக்கமாக நகர்ந்துவிட்டார்கள். நோரீன் கராஜ் வாசலிலேயே நின்றாள். அவளுக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகு நேராக இருந்தது. எத்தனை மாசத்துக்குப் பிறகு அதை அப்படிப் பார்க்கிறாள்!

எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்ததும் கிளிஃபர்ட் காலால் அந்த நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி யார் கண்ணிலும் படாமல் மறைத்தார். சட்டைப் பையிலிருந்து ஜாக்கை எடுத்து வில்ஃபிடம் நீட்டினார். அவர் கையாலேயே உருட்டத் தயாராகத் துடைத்து வைத்திருந்தது.

"லேட்டு" என்றார்.

"ரெண்டரைக்கு இன்னும் நேரம் இருக்கு. உன் கடிகாரமும் உன்னை மாதிரியே முந்திரிக்கொட்டை."

புல்தரை ஓரத்தில் நின்று, கம்பை இடது கையில் சாய்த்துக்கொண்டு, வில்ஃப் ஜாக்கை உருட்டினான். அது கொஞ்சம் வளைந்து, மேட்டில் ஏறி, நினைத்த இடத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. யாருக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை. கை தட்டினார்கள். சாலைக்கு இந்தப் பக்கம் நோரீனும், எண்ணெய்க் கையோடு ராய்ஸ்டனும் தட்டினார்கள்.

"கொஞ்சம் கம்மியா விழுந்துடுச்சு" என்றார் கிளிஃபர்ட்.

"உன்னோடது எந்த வருஷம் சரியா விழுந்துச்சு, சொல்லு."

"சரிங்க தலைவரே" என்றார் கிளிஃபர்ட். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டவர்கள் அந்தக் கிளப்பில் அதுவரை யாரும் இல்லை.

தேநீரும் முட்டை சாண்ட்விச்சும் நடந்துகொண்டிருந்தபோது ராய்ஸ்டன் சாலையைக் கடந்து வந்தார். பட்டர் பையின் துணுக்கு மீசையில் ஒட்டியிருந்தது. முகம் கொஞ்சம் தொங்கியிருந்தது.

"நோரீன், வண்டி நல்லாத்தான் இருக்கு. ஆனா தேறல. ஜப்பான்ல பின்னாடி பனி விளக்கு கிடையாது, இங்க வேணும். சவுதாம்ப்டன்ல மாட்டி அனுப்பியிருக்காங்க, அது எரிய மாட்டேங்குது. ஒரு வயர் கழண்டிருக்கு, அவ்ளோதான். வீட்டுக்கு ஓட்டிட்டுப் போறதுல ஆபத்தில்ல. இல்ல, இப்பவே மாட்டிடட்டுமா? பத்து நிமிஷம்தான் ஆகும். மாட்டிட்டு இன்னொரு தடவை பாத்துத் தேர்ச்சி போட்டுடறேன்."

நோரீன் வாயைத் திறக்கும் முன் வில்ஃப் கம்பால் புல்தரையை ஒரு தட்டுத் தட்டினான்.

"இன்னைக்கு வேணாம் ராய்ஸ்டன். திறப்பு நாள்ல வேலை செய்யக் கூடாது. அடுத்த சனிக்கிழமை எங்களுக்குப் பக்கத்து ஊர் ஹெஸ்ட் பாங்க் கிளப் ஆளுங்களோட இங்க போட்டி இருக்கு. ரெண்டு மணிக்கு மறுசோதனைக்கு நேரம் போட்டுக் குடு."

ராய்ஸ்டன் நோரீனைப் பார்த்தார். நோரீன் வில்ஃபைப் பார்த்தாள். அவன் தேநீரைக் கலக்கிக்கொண்டு புல்தரையைப் பார்த்தான். இன்றே தேறிவிட்டால், நம்பர் வரும்வரை காரை ரோட்டில் எடுக்க வேறு சாக்கு கிடையாது.

"ரெண்டு மணி" என்றாள் நோரீன். "அந்தப் பொண்ணுக்கு நான் போன் பண்ணி இன்னொரு நாளுக்கு இன்சூரன்ஸ் வாங்கிக்கறேன். கிளிஃபர்ட், அன்னைக்கு ரோட்டைக் கடக்கறப்ப வண்டிங்களை நிறுத்தற வேலை உன்னோடது. பஸ் தினமும் நமக்காக நிக்காது."

கிளிஃபர்ட் சாண்ட்விச்சைக் கடித்தார். அடுத்த சனிக்கிழமை மஞ்சள் மேல்சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

இவ்வளவுதான் சமாசாரம். உங்கள் ஊரிலும் நம்பர் வராத வண்டியையோ ஒரு நாள் இன்சூரன்ஸையோ வைத்து யாராவது இப்படி ஒரு காரியம் சாதித்திருப்பார்கள். தூக்க வந்த கைகளை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தானாக எழுந்து நின்றவர்களும் உங்கள் வீட்டில் இருப்பார்கள். எழுதுங்கள். நீளமாக எழுதினாலும் பரவாயில்லை, நான் தேநீர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படிப்பேன்.